விவாத இழை: 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் ஏன் ஓயவில்லை?

#1 மைக்கூடு

1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் தெற்குப் படைத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தார். அந்தப் போருக்கான கடைசி ஓய்வூதியத்தை அமெரிக்க அரசு 2020 மே வரை கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு படைவீரரின் மகளுக்கு, மாதம் 73 டாலர் 13 சென்ட். அவருடைய தந்தை முதலில் தெற்குப் படையில் சேர்ந்து, அங்கிருந்து விலகி, வடக்குப் படையில் சேர்ந்தவர். அந்த ஓய்வூதியமும் நின்றுவிட்டது. சண்டை மட்டும் நிற்கவில்லை. சிலை, கொடி, பாடநூல், ராணுவ முகாமின் பெயர் என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று கிளம்புகிறது.

ஒரு தரப்பு "அடிமை முறைதான் காரணம், இதில் பேச என்ன இருக்கிறது" என்கிறது. இன்னொரு தரப்பு "மாநில உரிமை, வரி" என்கிறது. ஆவணத்தைக் காட்டிப் பேசக்கூடியவர்கள் எழுதுங்கள். இந்த இழை அந்த ஒரு போருக்கு மட்டும். வேறு நாட்டுப் போர்களை இங்கே இழுக்க வேண்டாம்.

#2 ஏட்டுச்சுவடி

காரணத்தைப் பற்றிப் பேசுமுன் பிரிந்து போனவர்கள் அப்போதே எழுதி வைத்ததைப் படிக்க வேண்டும். பிரிவினைத் தீர்மானம் என்பது பெரும்பாலும் ஒரு பத்தி. "இன்றோடு ஒன்றியத்தை விட்டு விலகுகிறோம்" என்ற அளவுதான். ஏன் விலகுகிறோம் என்று விளக்கும் காரண அறிக்கை அதிலிருந்து வேறானது. தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் அப்படி விரிவான அறிக்கை வெளியிட்டன. இணையத்தில் சண்டை போடுபவர்களில் பலர் தீர்மானத்தை மட்டும் காட்டி "பாருங்கள், அடிமை முறை பற்றி ஒரு வார்த்தை இல்லை" என்பார்கள். அவர்கள் காட்டும் தாளே தவறு.

தென் கரோலினா அறிக்கையின் தேதி 1860 டிசம்பர் 24. அதன் முக்கியக் குறை என்ன? தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரவேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டத்தை வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் முடக்கிவிட்டன என்பது. மாநிலங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் அடிமையை அழைத்துக்கொண்டு கடந்து போகும் உரிமைகூட மறுக்கப்பட்டது என்றும் ஒரு வரி வருகிறது. மாநில உரிமையைக் கேட்டு எழுதிய தாள் இல்லை இது. வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதை எதிர்த்து எழுதியது.

மிசிசிப்பி இன்னும் நேரடியாகச் சொல்கிறது: எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது, உலகின் மிகப்பெரிய பொருளியல் நலன் அதுவே என்று.

அடுத்து, பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் அரசியல் சட்டம், 1861 மார்ச் 11. முதல் உறுப்பு, ஒன்பதாம் பிரிவு, நான்காம் உட்பிரிவைப் பாருங்கள். நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றப்படக் கூடாது என்கிறது. நான்காம் உறுப்பு, புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளிலும் அடிமை முறைக்குப் பாதுகாப்பு தருகிறது. பத்து நாள் கழித்து, மார்ச் 21 அன்று, துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானாவில் பேசும்போது புதிய அரசின் மூலைக்கல்லே இன ஏற்றத்தாழ்வுதான் என்றார்.

#3 தெற்குவாசல்

ஐயா சொன்ன ஆவணங்களை மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கதைதான் வந்திருக்கிறது.

ஒன்று, ஜார்ஜியா அறிக்கையில் வடக்கின் கப்பல், மீன்பிடி, உற்பத்தித் தொழில்களுக்குக் கிடைத்த சலுகை பற்றிய நீண்ட புகார் இருக்கிறது. டெக்சாஸ் அறிக்கை எல்லைப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறது. இரண்டு, வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, ஆர்கன்சா ஆகிய நான்கும் முதல் அலையில் போகவில்லை. போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலுக்குப் பிறகு லிங்கன் 75,000 பேரைப் படைக்குக் கேட்டபோதுதான் போயின. மூன்று, லிங்கனே 1862 ஆகஸ்ட் 22 தேதியிட்ட கடிதத்தில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்கு எழுதினார். 1863இல் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம் கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேரைத் தொடவே இல்லை. டென்னசியையும் விட்டுவிட்டது. அடிமை முறையை ஒழிக்க வடக்கு படையெடுத்தது என்று எழுதினால் அதுவும் பொய்தானே?

#4 ஏட்டுச்சுவடி

பொய்தான். அதில் உங்களோடு உடன்படுகிறேன். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மூன்று தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாகக் குழைத்துவிடுகிறார்கள். தெற்கு ஏன் பிரிந்தது? வடக்கு ஏன் அதைத் தடுக்கப் போரிட்டது? ஒரு தனி வீரன் ஏன் துப்பாக்கி தூக்கினான்?

முதல் கேள்விக்கு விடை அடிமை முறை, எழுதியவர்களே சொன்னது. இரண்டாவதற்கு விடை, 1861இல் ஒன்றியத்தைக் காப்பது. அந்த ஜூலையில் நாடாளுமன்றமே அப்படித்தான் தீர்மானம் போட்டது. போகப் போகத்தான் விடுதலையும் போரின் இலக்காக ஆனது. அந்த மாற்றத்தைத் தொடங்கியவர்களும் வாஷிங்டனில் இருந்தவர்கள் இல்லை. 1861 மே மாதம் வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்த மூன்று அடிமைகளை வடக்கு ஜெனரல் பட்லர் திருப்பித் தர மறுத்து, எதிரியிடமிருந்து கைப்பற்றிய பொருள் என்று வகைப்படுத்தினார். அதன்பின் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆகஸ்டில் எதிரியின் சொத்தைப் பறிக்கும் பறிமுதல் சட்டம், அடுத்த ஆண்டு ஜூலையில் இரண்டாவது பறிமுதல் சட்டம். மூன்றாவது கேள்விக்கு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் விடை வேறு. கட்டாய ஆள்சேர்ப்பு, அண்ணன் தம்பி போனதால் போனவன், சம்பளம், வீட்டு வாசலுக்குப் படை வந்துவிட்டது என்ற பயம்.

தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய மூன்றாவது கேள்வியின் விடையை எடுத்து முதல் கேள்விக்குப் பதிலாக வைக்கிறார்கள். முக்கால்வாசிச் சண்டை அங்கேதான்.

கிரீலி கடிதத்துக்கு ஒரு தேதிக் குறிப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சரவையில் படித்துக் காட்டியது 1862 ஜூலை 22. அதாவது கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பு. வரைவு மேசை இழுப்பறையில் இருக்கும்போது எழுதிய கடிதம் அது. அடிமை முறை இருந்தும் ஒன்றியத்திலேயே நின்ற எல்லை மாநிலங்களைப் பிரகடனம் தொடாததற்கும் சட்டக் காரணம் உண்டு. படைத் தலைவர் என்ற போர் அதிகாரத்தில் போட்ட ஆணை, கலகம் நடக்கும் பகுதிக்கு மட்டும்தான் செல்லும். மற்ற இடங்களுக்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அது 1865 டிசம்பரில் நிறைவேறி அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம்.

வரி விஷயம்: இறக்குமதி வரியை உயர்த்திய மோரில் வரிச் சட்டத்தில் கையெழுத்தானது 1861 மார்ச் 2. அதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. அவற்றின் உறுப்பினர்கள் அவையில் இருந்திருந்தால் சட்டம் நிறைவேறியிருப்பதே கடினம். அப்போது நடைமுறையில் இருந்த 1857 வரி, தெற்கு ஆதரித்த குறைந்த வரி.

#5 கணக்கன்

"அடிமை வைத்திருந்தவர்கள் ஒன்றேகால் சதவீதம்தான்" என்ற படம் வாரம் ஒருமுறை சுற்றுக்கு வருகிறது. அது எப்படி உருவானது என்று காட்டிவிடுகிறேன், அடுத்த முறை உதவும்.

1860 மக்கள்தொகைக் கணக்கு: மொத்தம் 3,14,43,321 பேர். அடிமை உடைமையாளர் என்று பதிவானவர் 3,93,975 பேர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.25 சதவீதம் வரும். எண்கள் இரண்டும் சரி. வகுத்தது தவறு, அதுவும் மூன்று இடத்தில்.

அடிமை முறையே சட்டவிரோதமாக இருந்த வட மாநில மக்களைக் கீழே சேர்த்தது முதல் தவறு. அடிமைகளாக இருந்த 39,53,760 பேரையும் "அடிமை வைத்திராதவர்கள்" பக்கம் எண்ணியது இரண்டாவது. இது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் தவறு. மூன்றாவது, பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர்தான் இருக்கும். அதே வீட்டில் வாழ்ந்த மனைவியும் ஐந்து பிள்ளைகளும் "வைத்திராதவர்கள்" ஆகிவிடுகிறார்கள்.

சரியான அலகு குடும்பம். பிரிந்த 11 மாநிலங்களில் ஏறக்குறைய 31 சதவீதக் குடும்பங்கள் அடிமை வைத்திருந்தன. மிசிசிப்பியில் 49, தென் கரோலினாவில் 46, ஆர்கன்சாவில் 20. முதலில் போன இரண்டு மாநிலங்கள் எவை என்று பாருங்கள். இதிலும் வாடகைக்கு அடிமை எடுத்தவர்கள், மேற்பார்வையாளர்கள், அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர்கள் வரமாட்டார்கள்.

எதிர்த் தரப்பும் தவறு செய்கிறது. அந்த 31ஐ எடுத்துக்கொண்டு "தெற்கு வீரர்களில் மூன்றில் ஒருவர் அடிமை உடைமையாளர்" என்று எழுதாதீர்கள். அது குடும்பக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை.

#6 தெற்குவாசல்

கணக்கை ஏற்கிறேன். கறுப்பின வீரர்கள் தெற்குப் படையில் இருந்தார்கள் என்பதற்கு ஓய்வூதியப் பதிவுகள் காட்டப்படுகின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#7 பழம்பெட்டி

அண்ணா, அந்தப் பதிவுகள் உண்மையானவை. யாரும் போலியாகச் செய்யவில்லை. படிக்கும் முறைதான் பிசகுகிறது.

முதலில், தெற்கு வீரர்களுக்குக் கூட்டாட்சி அரசு ஓய்வூதியம் தரவில்லை; அந்தந்த மாநிலம் தந்தது. மிசிசிப்பி 1888இலேயே, படையோடு போன வேலையாட்களையும் சேர்த்துக்கொண்டது. டென்னசி 1921இல் கறுப்பினத்தவருக்குத் தனி விண்ணப்பம் வைத்தது. ஆகவே ஒரு விண்ணப்பம் கையில் கிடைத்தால் இப்படிப் பாருங்கள். தலைப்பில் "வேலையாள்" என்று இருக்கிறதா? "யாருக்குப் பணி செய்தீர்கள்" என்ற கட்டம் இருக்கிறதா? வீரனிடம் கேட்கப்படுவது படைப்பிரிவும் கம்பெனியும். இங்கே கேட்கப்படுவது எசமானின் பெயர். பிறகு அதே பெயருக்குப் படைப் பணிப் பதிவு தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். சமையல், குதிரை பராமரிப்பு, அகழி வெட்டு ஆகியவற்றுக்கு ஆயிரக்கணக்கானோர் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். படம் எடுத்தபோது சிலருக்குச் சீருடையும் போட்டார்கள். படத்தில் சீருடையைப் பார்த்துவிட்டு வீரன் என்று முடிவு கட்டுவது இங்கேதான் தொடங்குகிறது.

கறுப்பினத்தவரை வீரராகச் சேர்க்கும் சட்டத்தைக் கூட்டமைப்பு நாடாளுமன்றம் 1865 மார்ச் 13 அன்றுதான் நிறைவேற்றியது. மூன்று வாரத்தில் கூட்டமைப்பின் தலைநகர் ரிச்மண்ட் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தெற்கு ஜெனரல் கிளீபர்ன் இதையே முன்மொழிந்தபோது பேச்சையே அமுக்கினார்கள். இன்னொரு தெற்கு ஜெனரல் ஹவெல் காப் 1865 ஜனவரியில் எழுதியது: அடிமைகள் நல்ல வீரர்களாவார்கள் என்றால் அடிமை முறை பற்றிய நம் கோட்பாடு முழுவதும் தவறு. ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே படையில் இருந்திருந்தால் அவர் இப்படி எழுத வேண்டிய தேவை என்ன?

வடக்குப் பக்கம் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் தரைப்படையில், 19,000 பேர் கடற்படையில். தரைப்படையினருக்கு ஆளுக்கொரு பணிப் பதிவு இருக்கிறது.

#8 நிலவேம்பு

எல்லோரும் 1861ஐயே சுற்றி வருகிறீர்கள். என்னைக் கேட்டால் இன்று நடக்கும் சண்டையின் வேர் 1865க்கும் 1900க்கும் நடுவில் இருக்கிறது. காரணம் என்ன என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யார் வென்றார்கள் என்பதற்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1865 ஜனவரி 16, விடுதலையான அடிமைகளுக்கு நிலம் ஒதுக்கிய வடக்கு ஜெனரல் ஷெர்மனின் களச் சிறப்பு ஆணை எண் 15. சார்ல்ஸ்டனிலிருந்து புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை, கடற்கரையிலிருந்து முப்பது மைல் உள்ளே, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். சுமார் 4 லட்சம் ஏக்கரில் 40,000 பேர் குடியேறினார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். மே 29 அன்று, அடுத்து அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் தெற்குக்காரர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். மன்னிப்புப் பெற்றவருக்கு அடிமை தவிர மற்ற சொத்து திரும்பும் என்பது அதன் பொருள். இலையுதிர் காலத்துக்குள் விதைத்து வைத்திருந்த நிலத்தைப் பழைய உடைமையாளரிடம் ஒப்படைக்கச் சொல்லி அதே ராணுவம் வந்து நின்றது. உரிமைப் பத்திரம் தற்காலிகமானது என்பதால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. "நாற்பது ஏக்கர்" என்ற சொல் இன்றும் இழப்பீட்டுப் பேச்சில் வருவதற்கு இதுதான் காரணம். அது வெறும் வாக்குறுதியாக இருந்திருந்தால் இவ்வளவு வலி இருக்காது. கொடுத்துவிட்டுப் பறித்தார்கள்.

அடுத்து வாக்கு. 1870இல், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். பலர் சரணடைந்த பின்பு. அந்த வழக்கில் 1876இல் உச்ச நீதிமன்றம், தனி மனிதர்கள் செய்த வன்முறையைத் தண்டிக்கக் கூட்டாட்சிக்கு, சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதிசெய்யும் 14ஆவது திருத்தம் அதிகாரம் தரவில்லை என்று சொல்லிவிட்டது. 1877இல் லூசியானா, தென் கரோலினாத் தலைமைச் செயலகங்களைக் காத்துநின்ற கூட்டாட்சிப் படைகள் முகாமுக்குத் திரும்பின. மிசிசிப்பி 1890இல் புதிய அரசியல் சட்டம் எழுதியது: வாக்களிக்கத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு. லூசியானா 1898இல். அங்கே பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1896இல் 1,30,334 பேர். 1900இல் 5,320. 1904இல் 1,342. ஒரு தலைமுறைகூட இல்லை, எட்டு ஆண்டு.

இந்த எட்டு ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வாசல் சிலைகளின் அடிபீடத்தில் உள்ள ஆண்டைப் படியுங்கள். பெரும்பாலும் 1900க்கும் 1920க்கும் நடுவில் இருக்கும். கோல்ஃபாக்ஸில் 1950களில் லூசியானா அரசு ஒரு பலகை வைத்தது. 150 நீக்ரோக்களும் மூன்று வெள்ளையரும் இறந்த இந்த "கலவரம்" தெற்கின் முறைகேடான ஆட்சிக்கு முடிவுகட்டியது என்று அதில் எழுதியிருந்தது. 2021 மே மாதம் வரை அது அங்கே நின்றது. போரில் தோற்ற தரப்பு, அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டில் வென்றது. வென்றவர்கள் கல் நட்டார்கள்.

#9 தெற்குவாசல்

இங்கே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 1900இல் போர்வீரர்கள் அறுபது, எழுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். மகள்கள், மனைவிமார் காசு சேர்த்துக் கல் வைத்ததில் துக்கமும் இருந்தது. அதே காலத்தில்தான் வடக்கிலும் ஊருக்கு ஊர் சிலை எழுந்தது. பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஒரு நிறுவனம் துத்தநாகத்தில் வார்த்த ஒரே மாதிரி வீரனை இரு பக்கமும் விற்றது. இடுப்புப் பட்டை எழுத்தை மாற்றினால் போதும். எல்லாக் கல்லையும் ஆதிக்கக் கல் என்று ஒரே கோணியில் கட்டுவது நியாயமா?

#10 நிலவேம்பு

நியாயமில்லை. துக்கத்தை நான் மறுக்கவில்லை. அளவுகோல் இடம்தான். 1860களிலும் 70களிலும் வைத்தவை பெரும்பாலும் கல்லறைத் தோட்டங்களில், புதைத்த இடத்தில். பிறகு வந்தவை நீதிமன்றத்தின் முன், சட்டப்பேரவை முற்றத்தில். ஒன்று இறந்தவனைப் பார்த்து நிற்கிறது. மற்றது உள்ளே வழக்குக்கு வருபவனைப் பார்த்து நிற்கிறது. திறப்பு விழா உரைகள் அந்தந்த ஊர்ப் பத்திரிகைகளில் அச்சாகியிருக்கின்றன. ஒரு சிலையைப் பற்றி முடிவெடுக்குமுன் அந்த உரையைத் தேடிப் படியுங்கள். துக்கமா ஆதிக்கமா என்று அதுவே சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கூட்டமைப்பின் மகள்கள் சங்கம் 1894இல் நாஷ்வில்லில் தொடங்கியது. கல்லோடு அவர்கள் நிற்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அதன் வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட் பாடநூல்களுக்கு ஓர் அளவுகோல் அச்சிட்டு அனுப்பினார். அடிமை உடைமையாளர் கொடுமைக்காரர் என்று எழுதும் நூலைத் தள்ளுங்கள், தெற்கு அடிமைகளைத் தக்கவைத்துக்கொள்ளப் போரிட்டது என்று எழுதும் நூலைத் தள்ளுங்கள் என்று. பள்ளிக் குழுக்கள் அதைக் கேட்டு நடந்தன. டெக்சாஸ் பாடத்திட்டத்தில் போரின் காரணங்கள் "வட்டார வேறுபாடு, மாநில உரிமை, அடிமை முறை" என்ற வரிசையில் 2010இல் இருந்தன. 2018இல்தான் அடிமை முறையின் பரவலை மையக் காரணமாக வைத்தார்கள். தாத்தா ஒரு நூலும் பேரன் வேறொரு நூலும் படித்திருந்தால் உணவு மேசையில் சண்டை வராமல் என்ன செய்யும்?

#11 வெண்கலம்

சிலை அகற்றும் நடைமுறையை யாரும் தொடவில்லை. "நகரமன்றம் வாக்களித்தால் போதாதா" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மண் யாருடையது, சிலை யாருடையது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ரிச்மண்ட் லீ சிலை 1890இல் திறந்தது. 1887, 1890 உரிமைப் பத்திரங்களில் அதை அன்போடு காத்துப் பேணுவோம் என்று வர்ஜீனியா அரசு வாக்குக் கொடுத்திருந்தது. 2020 ஜூனில் ஆளுநர் அகற்ற உத்தரவிட்டார். கொடையாளரின் வாரிசும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்தப் பத்திரத்தை வைத்து வழக்குப் போட்டார்கள். 15 மாதம் ஓடியது. 2021 செப்டம்பர் 2 அன்று மாநில உச்ச நீதிமன்றம், அரசு என்ன பேசவேண்டும் என்று ஒரு பழைய ஒப்பந்தம் என்றென்றைக்கும் கட்டிவைக்க முடியாது என்றது. செப்டம்பர் 8இல் இறக்கினார்கள். 21 அடி, 12 டன். பாலங்களுக்கு அடியில் லாரி போக வேண்டும் என்பதால் இடுப்பில் அறுத்து இரண்டாக்கினார்கள். அடிபீடத்தில் 1887இல் வைத்த காலப்பெட்டியை அப்போது தேடிக் கிடைக்கவில்லை; பீடத்தை முழுக்கப் பிரித்தபோது டிசம்பர் கடைசியில் கிடைத்தது. பழைய வரைபடத்தை நம்பி ஒரு மூலையை மட்டும் உடைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வர்ஜீனியா ஊராட்சிகளுக்கு 2020 ஜூலை 1 முதல் நடைமுறை தெளிவாகிவிட்டது. அறிவிப்பு வெளியிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும், பொது விசாரணை நடத்த வேண்டும், பிறகு வாக்கு. வாக்கு விழுந்த பின்பும் அருங்காட்சியகம், வரலாற்றுச் சங்கம், போர்க்கள அமைப்பு, வேறோர் அரசு அமைப்பு யாருக்காவது வேண்டுமா என்று 30 நாள் கேட்க வேண்டும். பொதுக் கல்லறைத் தோட்டத்துக்கு இது பொருந்தாது.

அலபாமா இதற்கு நேர் எதிர். 2017 சட்டப்படி 40 ஆண்டு கடந்த நினைவுச்சின்னத்தை ஊராட்சி தொடவே முடியாது. மீறினால் 25,000 டாலர் அபராதம். பர்மிங்காம் நகரம் முதலில் பலகை வைத்து மறைத்தது. மறைத்ததும் மீறல்தான் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. 2020 ஜூனில், அபராதம் வந்தால் வரட்டும் என்று அகற்றியேவிட்டார்கள். வட கரோலினாவில் நிரந்தரமாக இடம் மாற்றினால் அதே மதிப்புள்ள வேறு இடத்தில் வைக்க வேண்டும். கல்லறைத் தோட்டம் அதே மதிப்பாகாது.

சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது டென்னசியின் மெம்ஃபிஸ் நகரம். டென்னசிச் சட்டம் பொது நிலத்தில் உள்ளவற்றைத்தான் காத்தது. 2017 டிசம்பர் 20 அன்று நகரமன்றம் இரண்டு பூங்காக்களை ஒரு லாபநோக்கற்ற அமைப்புக்கு பூங்கா ஒன்றுக்கு 1,000 டாலர் விலையில் விற்றது. அன்றிரவே தெற்கு ஜெனரல் ஃபாரஸ்ட், கூட்டமைப்பின் தலைவர் டேவிஸ் ஆகியோரின் சிலைகள் இறங்கின. நீதிமன்றம் விற்பனை செல்லும் என்றது. மாநிலப் பேரவை மறு வருடம் நகரின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கான 2,50,000 டாலரை வெட்டியது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், பல சிலைகள் வழக்காகின்றன, சில வழக்குகள் நான்கைந்து ஆண்டு ஓடுகின்றன. சார்லட்ஸ்வில் லீ சிலையை அகற்ற நகரமன்றம் 2017இல் வாக்களித்தது. இறங்கியது 2021 ஜூலை. துண்டாக்கி உருக்கியது 2023 அக்டோபர். அத்தனை ஆண்டும் செய்தியில் இருந்தால் மக்கள் எப்படி மறப்பார்கள்?

#12 மைக்கூடு

கொடியைப் பற்றி யாராவது இரண்டு வரி எழுதுங்களேன்.

#13 பழம்பெட்டி

சிவப்பில் நீலக் குறுக்குப் பட்டை, விண்மீன்கள் கொண்டது கூட்டமைப்பின் தேசியக் கொடியாக ஒருநாளும் இருந்ததில்லை. அது போர்க்கொடி, வடக்கு வர்ஜீனியப் படையிடம் சதுரமாக இருந்தது. தேசியக் கொடிகள் மூன்று வந்தன: 1861, 1863, 1865. 1956இல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டில், ஜார்ஜியா போர்க்கொடியைத் தன் மாநிலக் கொடியில் சேர்த்தது. மிசிசிப்பியில் 1894 முதல் 2020 வரை. தென் கரோலினா அதைப் பேரவை வளாகத்திலிருந்து இறக்கியது 2015 ஜூலை 10, சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்ட மூன்று வாரத்துக்குப் பின். பலருக்குத் தெரியாதது: ஜார்ஜியாவின் இன்றைய கொடி கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடியை ஒத்தது. அதை எதிர்ப்பவர்கள் குறைவு, அடையாளம் தெரியாததால்.

#14 கணக்கன்

சாவு எண்ணிக்கையிலும் இன்னும் முடிவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய எண் 6,18,222: வடக்கு 3,60,222, தெற்கு 2,58,000. தெற்கு எண் ஏன் முழு ஆயிரமாக நிற்கிறது? ஆவணங்கள் பல ரிச்மண்டோடு அழிந்தன, மிச்சத்தை ஊகித்தார்கள். 2011இல் டேவிட் ஹேக்கர் 1860, 1870 மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு, இருந்திருக்க வேண்டிய இளைஞர்களில் எத்தனை பேர் இல்லை என்று கணித்தார். அவருக்கு வந்தது 7,50,000. ஆனால் இடைவெளி 6,50,000 முதல் 8,50,000 வரை. 2024இல் முழுப் பதிவுகளையும் வைத்து மறுபடி கணித்தபோது 6,98,000. இந்த முறையில் கவனிக்க வேண்டியது: 1870 கணக்கெடுப்பு தெற்கில் பலரை விட்டுவிட்டது. விடுபட்டவர் இறந்தவராகத் தெரிவார். எந்த எண்ணைச் சொன்னாலும் எந்த முறை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#15 ஏட்டுச்சுவடி

நிலவேம்பு அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் போரின் தாள்கள் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, நடப்புச் சட்டமாக இருக்கின்றன. 14ஆவது திருத்தத்தின் மூன்றாம் பிரிவு, உறுதிமொழி எடுத்துவிட்டுக் கலகம் செய்தவர் பதவிக்கு வரக் கூடாது என்று பழைய தெற்குத் தலைவர்களுக்காக எழுதியது. 1872இல் பெரும்பாலோருக்குத் தளர்த்தினார்கள். 2023 டிசம்பரில் கொலராடோ உச்ச நீதிமன்றம் அதையே வைத்து டிரம்ப் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கச் சொன்னது. 2024 மார்ச் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கூட்டாட்சிப் பதவிக்கு மாநிலம் தானாக இதைச் செயல்படுத்த முடியாது என்றது. முதல் பிரிவின் பிறப்புக் குடியுரிமை அதைக் கட்டுப்படுத்த வந்த 2025 ஜனவரி ஆணைக்குப் பின் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. 13ஆவது திருத்தத்தில் "குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி" என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதன் வழியாகத்தான் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள்; அலபாமாவில் 1928 வரை. மாநிலச் சட்டங்களில் இருந்த அதே விலக்கை நீக்க 2022இல் ஐந்து மாநிலங்கள் வாக்கெடுத்தன. நான்கில் வென்றது, லூசியானாவில் தோற்றது.

முகாம் பெயர்களும் அப்படித்தான். தெற்குப் படைத் தலைவர்களின் பெயரில் இருந்த ஒன்பது ராணுவ முகாம்களின் பெயர் 2023இல் மாறியது. 2025இல் பழைய பெயர் திரும்பியது, அதே குடும்பப் பெயர் கொண்ட வேறு வீரர்களைக் காட்டி. பிராக் முகாம் இப்போது இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயரில் இருக்கிறது. பலகை பழைய பலகைதான்.

#16 மைக்கூடு

கடைசியாக ஒரு கேள்வி. தெற்குக் குடும்பங்கள் தாத்தாவின் படைப்பிரிவு வரை எண் சொல்கின்றன. அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் எங்கே தேடுவது?

#17 பழம்பெட்டி

1870 கணக்கெடுப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். பெரும்பாலோர் முழுப் பெயரோடு முதலில் வருவது அதில்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. இந்தச் சுவரில்தான் பலர் முட்டி நின்றுவிடுகிறார்கள். எசமானின் குடும்பப் பெயரே அடிமையின் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடக்கும் தவறு. பலர் வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள், சிலர் இரண்டு மூன்று முறை மாற்றினார்கள்.

சுவரைத் தாண்ட மூன்று வழி. விடுதலையான அடிமைகளுக்காக அரசு அமைத்த விடுதலை பெற்றோர் பணியகத்தின் வேலை ஒப்பந்தங்கள், 1865 முதல்; பழைய தோட்டத்திலேயே கூலிக்கு இருந்தவர்கள் அகப்படுவார்கள். கறுப்பின வீரர்களின் விதவை ஓய்வூதியக் கோப்பு. அடிமைத் திருமணத்துக்குச் சான்றிதழ் கிடையாது என்பதால் பக்கத்து வீட்டார், உடன் போரிட்டவர், சில நேரம் பழைய எசமான் வீட்டார்கூட சாட்சி சொல்லியிருப்பார்கள், பக்கம் பக்கமாக. மூன்றாவது விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி. 1865இல் தொடங்கி 1874இல் முழுகிப்போனது. ஏறத்தாழ 61,000 பேரின் பணம், 30 லட்சம் டாலருக்கு நெருக்கம், அதில் மாட்டிக்கொண்டது. ஆனால் கணக்குத் திறக்கும்போது அடையாளத்துக்காக எழுதி வாங்கிய பேரேடு நிற்கிறது. பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், எசமானின் பெயர், தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள் என்று அதில் கட்டங்கள் உண்டு. உடன்பிறந்தவர் கட்டத்தை முதலில் பாருங்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன தம்பி தங்கைகளின் பெயரைப் பலர் அங்கேதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.